ஈயக்குண்டுக்கும் ஜிக் ஹெட்டுக்கும் வீட்டிலேயே பவுடர் கோட்டிங்: முதல்முறை செய்பவர்களுக்கு

தூண்டில் போடுபவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஜிக் ஹெட்டுக்கு, அதாவது தூண்டில் முள்ளோடு சேர்த்து வார்த்த ஈயத் தலைக்கு, நெயில் பாலிஷோ ஸ்ப்ரே பெயிண்ட்டோ அடித்து, அழகாகக் காயவைத்து எடுத்துப் போவோம். முட்டுக்காடு மாதிரி சிப்பி ஒட்டிய பாறை இருக்கும் இடத்தில் நாலு முறை இழுத்தால் மூக்கில் பாதி நிறம் போயிருக்கும், கீழே சாம்பல் நிறத்தில் ஈயம் தெரியும். பெயிண்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஈயம் மெத்தென்ற உலோகம். பாறையில் மோதியதும் அது நசுங்குகிறது, மேலே இருக்கும் பூச்சு அதோடு சேர்ந்து வளையத் தெரியாமல் உதிர்கிறது.

பவுடர் கோட்டிங் அங்கேதான் கைகொடுக்கும். ஜன்னல் கிரில்லுக்கும் சைக்கிள் ஃபிரேமுக்கும் செய்கிற அதே வேலைதான் இது. பவுடர் என்பது பிசின், அதை இறுகவைக்கும் பொருள், நிறமி மூன்றையும் உருக்கிக் கலந்து மாவாக அரைத்தது. தின்னர் எதுவும் கிடையாது. சூடான உலோகத்தில் பட்டதும் உருகி ஒட்டும், தொடர்ந்து சூடு கொடுத்தால் உள்ளே வேதிவினை நடந்து ஒரே வலையாகப் பின்னிக்கொள்ளும். இந்த இரண்டாவது கட்டத்துக்குத்தான் க்யூரிங் என்று பெயர். ஒருமுறை முழுதாக க்யூர் ஆன பூச்சு மறுபடி சூடு பட்டால் உருகாது, நகத்தால் சுரண்டினால் வராது.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது முதல் கட்டத்துக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் நடுவில்தான். பவுடர் உருகிப் பளபளப்பாக ஆனதுமே வேலை முடிந்ததாக நினைத்து எடுத்துவிடுகிறார்கள். பார்ப்பதற்கு முழுதாக வெந்தது மாதிரியே இருக்கும், ஆனால் பாறையில் பட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் நிறத்தைவிடச் சூட்டைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

ஈயம் என்பதால் முதலில் சில கண்டிப்புகள்

ஈயம் உடம்புக்குள் எவ்வளவு குறைவாகப் போனாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது நேராகத் தாக்கும். நாம் வேலை செய்யும் 200 டிகிரி செல்சியஸில் ஈயப் புகை ஒரு பிரச்சினையே இல்லை. ஈயம் உருகுவதே 327 டிகிரியில்தான், புகை கவலைதரும் அளவுக்கு வர அதையும் தாண்டிச் சூடேற வேண்டும். இங்கே ஆபத்து கையிலும் தூசியிலும் இருக்கிறது. பழைய குண்டின் மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பொடி, அரம் போட்ட துகள், அதைத் தொட்ட விரல், அந்த விரலால் எடுத்த முறுக்கு. ஈயம் வாய்க்குள் போகிற வழி இதுதான்.

அதனால் சமையலறையில் செய்யவே கூடாது. மொட்டை மாடி, பால்கனி, ஷெட் என்று காற்றோட்டமான, குழந்தைகள் வராத இடமாகப் பாருங்கள். கேக் செய்யும் ஓ.டி.ஜி.யை எடுக்காதீர்கள். இதற்கென்று தனியாக ஒரு பழைய ஓவன் வாங்கி, அதன் மேல் "சாப்பாட்டுக்கு அல்ல" என்று பெயிண்ட்டால் எழுதிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது தெரியாமல் எடுத்து உபயோகிக்கக்கூடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டும். மேசையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

ஈயத்தை உருக்கி வார்ப்பதைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை, அது தனி வேலை. முதலில் காசிமேடு பக்கத்து மீன்பிடிப் பொருள் கடைகளிலோ ஆன்லைனிலோ கிடைக்கும் பூச்சில்லாத ஜிக் ஹெட்டை வாங்கித் தொடங்குங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: பழைய கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் யோசனை வந்தால் அப்போதே விட்டுவிடுங்கள். அதில் அமிலம் இருக்கிறது. தகடுகளில் இருக்கும் ஆன்டிமனியும் ஆர்செனிக்கும் உருக்கிய கசடில் சேர்ந்து, அந்தக் கசடு ஈரமானால் கொடிய விஷவாயு வரக்கூடும். பழைய பேட்டரியைச் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ கொடுத்துவிட வேண்டும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதைத்தான் சொல்கின்றன.

தேவையான பொருட்கள்

தனி ஓ.டி.ஜி., ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர், மூக்குக் குறடு ஒன்று, ஜிக்குகளைத் தொங்கவிட ஒரு கம்பிச் சட்டம், அசிட்டோன், பாத்திரம் கழுவும் சோப்பு, நைட்ரைல் கையுறை, என்95 முகக்கவசம், தடித்த ஊசி. இவற்றோடு பவுடர். மீன்தொட்டிக்குப் போடும் சின்ன ஏர் பம்ப் இருந்தால் வேலை இன்னும் சுத்தமாக வரும், கட்டாயமில்லை.

முகக்கவசத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். பவுடர் மிக நுண்ணிய தூள், நுரையீரலுக்குள் போய்விடும். காற்றில் மேகமாகப் பரவினால் பற்றிக்கொள்ளவும் செய்யும். மெழுகுவத்தி, ஸ்பிரிட் விளக்கு, கேஸ் டார்ச் எதுவும் பவுடர் இருக்கும் மேசையில் இருக்கக் கூடாது. யூடியூபில் பலர் ஜிக்கைத் தீயில் காட்டி உடனே பவுடரில் முக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தீ விபத்து ஒரு காரணம். இன்னொன்று, தீ முள்ளில் நேராகப் பட்டால் எஃகின் விறைப்பு போய்விடும். பெரிய மீன் இழுக்கும்போது முள் நிமிர்ந்துகொடுத்த பிறகுதான் அது தெரியவரும். ஓவனில் 200 டிகிரியில் வைத்தால் முள்ளுக்கு ஒன்றும் ஆகாது.

பவுடர் வாங்குவது

வெளிநாட்டில் ஜிக்குக்கென்றே சின்ன டப்பாக்களில் பவுடர் விற்கிறார்கள். இறக்குமதி செய்தால் விலை கூடிவிடும். நம் ஊரில் அதற்கு அவசியமே இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ கோவையிலோ பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறைக்குப் போய்க் கேளுங்கள். அவர்களுக்கு 20, 25 கிலோ பெட்டியாகத்தான் வரும். மிச்சம் இருப்பதில் அரைக்கிலோ கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அரைக்கிலோவில் நூற்றுக்கணக்கான ஜிக் செய்யலாம்.

கேட்க வேண்டியது இரண்டு. முதலாவது, பவுடரின் வகை. எபாக்ஸி உறுதியானது, ஆனால் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். எபாக்ஸியும் பாலியெஸ்டரும் கலந்த ஹைப்ரிட் வீட்டுக்குள் இருக்கும் பீரோ, அலமாரிக்குச் சரி. படகிலும் கரையிலும் வெயிலில் கிடக்கப்போகும் சாமானுக்குப் பாலியெஸ்டர்தான் வேண்டும். அதிலும் டி.ஜி.ஐ.சி. என்ற இறுகுபொருள் சேர்க்காததாகக் கேளுங்கள். அந்த வேதிப்பொருள் தோலுக்கு ஒவ்வாமை தரும், மரபணுவைப் பாதிக்கும் வகையைச் சேர்ந்தது. வீட்டில் வேலை செய்பவருக்கு அது வேண்டாம்.

இரண்டாவது, க்யூரிங் அட்டவணை. பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் இருக்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாலியெஸ்டர் பவுடருக்கு 200 டிகிரியில் 10 நிமிடம், அல்லது 180 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் என்கிற மாதிரி போட்டிருக்கும். அந்த டிகிரி உலோகத்தின் சூடு, ஓவன் காற்றின் சூடு அல்ல. அந்த நிமிடங்களும் உலோகம் அந்தச் சூட்டை எட்டிய பிறகு எண்ண வேண்டியவை.

நிறத்துக்குப் பட்டறையில் ரால் எண் (நிறங்களுக்கான பொது அட்டவணை எண்) சொன்னால் குழப்பம் வராது. 9016 வெள்ளை, 9005 கறுப்பு, 3020 சிவப்பு, 1026 ஒளிரும் மஞ்சள், 2005 ஒளிரும் ஆரஞ்சு. முதலில் வாங்க வேண்டியது வெள்ளைதான். ஒளிரும் நிறங்கள் நேராக ஈயத்தின் மேல் போட்டால் மங்கலாகத்தான் தெரியும், வெள்ளை அடிப்பூச்சின் மேல் போட்டால்தான் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஒளிரும் நிறமிகள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அது பவுடரின் குற்றமல்ல.

ஓவனின் உண்மையான சூடு

ஜிக்கைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நாள் ஓவனோடு மட்டும் செலவிடுங்கள். ஓ.டி.ஜி.யின் குமிழ் 200 என்று காட்டினால் உள்ளே 200 இருக்கும் என்று நம்ப முடியாது. 20, 30 டிகிரி முன்னேபின்னே இருப்பது சகஜம். போதாததற்கு உள்ளே இருக்கும் கம்பி எரிவதும் அணைவதுமாகச் சூடு ஏறி இறங்கும்.

தெர்மாமீட்டரை ஜிக் தொங்கப்போகும் அதே உயரத்தில், நடுவில் வையுங்கள். குமிழை 180இல் வைத்து இருபது நிமிடம் விட்டு, அதற்கப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதுங்கள். எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று தெரிந்துவிடும். உள்ளே 190 முதல் 200 வரை நிற்கும்படி குமிழ் எங்கே இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து அந்த இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். கே வகைத் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) உள்ள மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அதன் முனையை ஒரு வீண் ஈயக்குண்டின் துளைக்குள் செருகி உள்ளே வைத்தால், உலோகம் எப்போது சூட்டை எட்டுகிறது என்பதே தெரிந்துவிடும்.

மேல்கம்பிக்கும் கீழ்க்கம்பிக்கும் நேராக ஜிக் இருக்கக் கூடாது. கம்பியின் வெப்பம் நேராக அடித்தால் ஒரு பக்கம் மட்டும் கருகும். கீழே ஒரு அலுமினியத் தட்டு வைத்து மறைத்துவிடுங்கள். சொட்டும் பவுடரையும் அது பிடித்துக்கொள்ளும்.

வார்ப்பில் என்ன ஈயம் இருக்கிறது என்பதும் இங்கே முக்கியம். சுத்த ஈயம் 327 டிகிரி வரை திடமாக நிற்கும். ஆன்டிமனி கலந்த ஈயம் 252 டிகிரியிலேயே இளகத் தொடங்கலாம், அதுவும் நமக்குப் பரவாயில்லை. ஆனால் சால்டர் கம்பி, பழைய எலக்ட்ரானிக் சாமான் என்று வெள்ளீயம் நிறைய கலந்து யாராவது வார்த்திருந்தால் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். 200இல் வைத்த ஜிக் உங்கள் கண்ணெதிரே தொங்கி ஒழுகும். எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே ஒரு ஜிக்கை மட்டும் பவுடர் இல்லாமல் 200 டிகிரியில் அரைமணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

செய்முறை

முதல் படி, சுத்தம் செய்வது. வார்ப்பின் ஓரத்தில் பிசிறு இருந்தால் கத்தியால் சீவி எடுங்கள், அரமும் உப்புத்தாளும் வேண்டாம். கட்டாயம் தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, அந்தக் கசண்டைத் துணியில் துடைத்துத் தனிப் பையில் கட்டிவைக்க வேண்டும். அப்புறம் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, அசிட்டோன் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். அசிட்டோன் புட்டியை உடனே மூடி ஓவனிலிருந்து தூர வைத்துவிடுங்கள். இதற்குப் பிறகு வெறும் கையால் ஈயத்தைத் தொடவே கூடாது, விரலின் எண்ணெய் ஒட்டிய இடத்தில் பூச்சு பிடிக்காது. பழைய, வெள்ளை படிந்த குண்டை வினிகரில் ஊறவைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். வினிகரில் ஈயம் கரைந்து ஈய அசிடேட் ஆகும். தண்ணீரில் கரையும் அந்த உப்பு ஈயத்தைவிட எளிதாக உடம்பில் ஏறும்.

இரண்டாவது படி, பவுடரைத் தயார் செய்வது. மூடிபோட்ட டப்பாவில் கட்டிப்போய்க் கிடக்கும் பவுடரில் ஜிக்கை முக்கினால் சமமாகப் பிடிக்காது. பவுடரில் காற்று கலந்து தளர்ந்திருக்க வேண்டும். எளிய வழி, டப்பாவை மூடிக் குலுக்கிவிட்டு, ஒரு நிமிடம் படியவிட்டுத் திறந்து, கரண்டியால் கிளறிக்கொள்வது. பத்து இருபது ஜிக்குக்கு இது போதும்.

இன்னும் நன்றாகச் செய்ய, ஒரு காற்றுப் படுகை கட்டிக்கொள்ளலாம். இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் ஒரு சாண் நீளம், அதற்கு ஒரு மூடி. மூடியின் பக்கத்தில் துளை போட்டு மீன்தொட்டி பம்பின் குழாயைச் செருகி சிலிக்கானால் அடைத்துவிடுங்கள். பவுடரை வைக்கும் குழாயின் அடிவாயில் காபி ஃபில்டர் பேப்பர் இரண்டு அடுக்கு இழுத்துக் கட்டி, அதன் மேல் மூடியை இறுக்கிச் செருகுங்கள். மூடிக்கும் பேப்பருக்கும் நடுவில் காற்று நிற்க ஒரு விரலளவு இடைவெளி இருக்க வேண்டும். குழாயில் பாதிக்கும் குறைவாகவே பவுடர் போட்டு பம்பை ஓடவிட்டால், பவுடர் மெல்ல உப்பி, கொதிக்கும் கஞ்சி மாதிரி மேற்பரப்பில் சின்னச் சின்னக் குமிழ் விடும். அதுதான் சரியான நிலை. ஒரே இடத்தில் ஊற்று மாதிரிப் பீய்ச்சினால் காற்று அதிகம், குழாயில் ஒரு வால்வு வைத்துக் குறையுங்கள். ஒரு கம்பியை உள்ளே விட்டால் தடையே இல்லாமல் இறங்க வேண்டும்.

மூன்றாவது படி, ஜிக்கைச் சூடாக்குவது. ஓவனை 190 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஜிக்குகளை முள்ளின் வளைவில் மாட்டித் தொங்கவிட்டு 15 நிமிடம் வையுங்கள். வார்ப்பின் சின்ன ஓட்டைகளுக்குள் ஈரம் ஒளிந்திருந்தால் அதுவும் இப்போதே வெளியேறிவிடும். ஒரே சமயத்தில் எட்டுப் பத்துக்கு மேல் வேண்டாம். கதவைத் திறந்து திறந்து எடுக்கும்போது கடைசி ஜிக்குக்குச் சூடு இருக்காது.

நான்காவது படி, முக்குவது. ஈயத்துக்கு வெப்பத்தைத் தேக்கிவைக்கும் திறன் மிகக் குறைவு, இரும்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஐந்து கிராம் ஜிக் ஓவனை விட்டு வெளியே வந்த சில நொடிகளிலேயே ஆறத் தொடங்கிவிடும். அதனால் பவுடர் ஓவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் மேலே சூடு அடிக்காத இடத்தில் இருக்க வேண்டும். குறடால் முள்ளைப் பிடித்து எடுத்து, ஈயம் மட்டும் முழுகும்படி ஒரே வீச்சில் பவுடருக்குள் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுங்கள். ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி. குறடின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் ஒட்டாத தூள் உதிர்ந்துவிடும்.

இப்போது ஜிக்கை உற்றுப் பாருங்கள். வெளியே எடுத்ததும் பூச்சு மங்கலாக, மாவு தூவியது மாதிரி இருந்து, சில நொடிகளில் தானாகவே உருகி ஈரமாகப் பளபளத்தால் சூடு சரியாக இருந்தது என்று அர்த்தம். வெளியே வரும்போதே வழவழவென்று கெட்டியாக இருந்தால் சூடு அதிகம். மூக்கில் சொட்டு கட்டும், பூச்சு தடித்துவிடும். கடைசி வரை மாவாகவே நின்றால் சூடு போதவில்லை. ஓவனுக்குள் போனால் அதுவும் உருகிவிடும், ஆனால் அங்கங்கே மெல்லியதாக இருக்கும்.

பூச்சு மெல்லியதாக இருப்பதே நல்லது. டி.ஜி.ஐ.சி. இல்லாத பாலியெஸ்டர் இறுகும்போது உள்ளிருந்து கொஞ்சம் நீராவி வெளியேறும். பூச்சு தடியாக இருந்தால் அந்த ஆவி வழி கிடைக்காமல் ஊசித்துளை ஊசித்துளையாக மேலே வெடித்து நிற்கும். நிறம் போதவில்லை என்று தோன்றினால் முதல் பூச்சை க்யூர் செய்துவிட்டு இரண்டாவது முறை முக்கலாம். ஒரே முக்கில் தடிப்பாக ஏற்றப் பார்க்காதீர்கள்.

ஐந்தாவது படி, காதைத் திறப்பது. தங்கூஸ் (தூண்டில் நரம்பு) கட்டும் காதில் பவுடர் அடைத்திருக்கும். அது இளகியிருக்கும் இந்தச் சமயத்திலேயே ஊசியால் ஒரு குத்துக் குத்தினால் வந்துவிடும். க்யூர் ஆன பிறகு என்றால் துரப்பணம் போட்டுக் குடைய வேண்டியிருக்கும். அப்படிக் குடையும்போது ஓரத்தில் பூச்சு விரியும், அந்த விரிசலில் உப்புத் தண்ணீர் புகுந்துகொள்ளும். முள்ளின் தண்டில் தெறித்திருக்கும் பவுடரையும் இப்போதே துடைத்துவிடுங்கள்.

ஆறாவது படி, க்யூரிங். எல்லாவற்றையும் மறுபடி சட்டத்தில், ஒன்றோடொன்று உரசாமல் மாட்டி ஓவனில் வையுங்கள். தெர்மாமீட்டர் பவுடரின் அட்டவணைச் சூட்டுக்கு வந்த பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். 200 டிகிரி, 10 நிமிடம் என்று போட்டிருந்தால், ஈயம் சூடேற ஐந்து முதல் பத்து நிமிடம் சேர்த்து மொத்தம் 20 நிமிடம் வைப்பது என் பழக்கம். 50 கிராமுக்கு மேற்பட்ட குண்டாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். சில நிமிடம் கூடினால் நஷ்டம் அதிகமில்லை, வெள்ளை லேசாகப் பழுப்படிக்கலாம். குறைந்தால் மொத்த வேலையும் வீண். 230 டிகிரியைத் தாண்ட மட்டும் விடாதீர்கள். கடல் தூண்டிலுக்கு வரும் முட்களில் பலவற்றுக்கு வெள்ளீய முலாம் இருக்கும், அது 232 டிகிரியில் உருகிவிடும். முலாம் போன முள் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்க நாளாகாது.

நேரம் முடிந்ததும் ஓவனை அணைத்து, கதவைத் திறந்து, தானாக ஆறவிடுங்கள். இந்த நேரத்தில் கொஞ்சம் வாடை வரும், பக்கத்தில் நிற்க வேண்டாம்.

முள் இல்லாத குண்டுக்கு வேறு வழி

வெறும் ஈயக்குண்டை, அதாவது நடுவில் துளையுள்ள முட்டைக் குண்டையும் பந்துக் குண்டையும், ஒவ்வொன்றாகச் சூடாக்கி முக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் தாங்களே வார்த்த ஈயத் தோட்டாக்களுக்குப் பவுடர் போட ஒரு குலுக்கல் முறையைப் பரவலாகக் கையாளுகிறார்கள். ஈயம் நேராகக் குழலின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அவர்கள் செய்வது அது. நம் நாட்டில் தோட்டா செய்வது ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டிய காரியம், அதன் பக்கம் போகாதீர்கள். குலுக்கும் நுட்பம் மட்டும் தூண்டில் குண்டுக்கு அப்படியே பொருந்தும்.

அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்ட பாலிப்ரொப்பிலீன் டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டல் பார்சல் டப்பாவிலேயே அந்த எண் இருக்கும். கழுவிக் காயவைத்த குண்டுகளைப் பாதிக்கும் குறைவாகப் போட்டு, ஒன்றிரண்டு தேக்கரண்டி பவுடர் தூவி, மூடி, வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி ஒரு நிமிடம் குலுக்குங்கள். டப்பாவில் உரசும்போது உண்டாகும் நிலைமின்சாரத்தால் பவுடர் குண்டில் போய் ஒட்டிக்கொள்ளும், சூடே தேவையில்லை. சின்ன பிளாஸ்டிக் மணிகளைக் கூடப் போட்டால் உரசல் அதிகமாகும். பிறகு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, துளையில் மெல்லிய கம்பி கோத்துத் தொங்கவிட்டோ, ஒட்டாத பேக்கிங் தாளின் மேல் நிற்கவைத்தோ நேராக க்யூரிங்குக்கு அனுப்பலாம்.

இதற்கு வறண்ட காற்று வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இருந்துகொண்டு குலுக்கினால் கை வலிக்குமே தவிர பவுடர் ஒட்டாது, ஈரக் காற்றில் நிலைமின்சாரம் நிற்பதில்லை. ஏ.சி. ஓடும் அறையில் குலுக்கினால் சமாளிக்கலாம். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் சூடாக்கி முக்கும் முறைக்கே திரும்புங்கள், அது எந்தப் பருவத்திலும் வேலை செய்யும்.

இரண்டு நிறம், கண்

முதுகு ஒரு நிறமாகவும் வயிறு ஒரு நிறமாகவும் வேண்டுமென்றால், முதலில் வெள்ளையில் முக்கிவிட்டு, ஈயம் ஆறுவதற்குள் மெல்லிய தூரிகையில் இரண்டாவது பவுடரைத் தொட்டு முதுகின் மேல் தூரிகையை விரலால் தட்டுங்கள். தூவல் விழுந்த இடம் தானே உருகிச் சேரும். தூரிகையை ஈயத்தில் படவிடாதீர்கள், மயிர் கருகிப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சேர்த்து ஒரே க்யூரிங். இருட்டில் ஒளிரும் பவுடருக்கும் கீழே வெள்ளைதான் வேண்டும். மீன் கண் மாதிரி ஒட்டும் ஸ்டிக்கர், அதன் மேல் பூசும் எபாக்ஸிப் பசை எல்லாம் கடைசியில், ஜிக் முழுதாக ஆறிய பிறகு.

க்யூர் ஆகிவிட்டதா என்று பார்ப்பது

ஒவ்வொரு தடவையும் ஓவனில் ஒரு வீண் குண்டைச் சேர்த்து வையுங்கள். அதைப் பலிகொடுத்தால்தான் மற்றவற்றைப் பற்றித் தெரியும். ஆறிய குண்டை ஒரு துணியில் சுற்றி, இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டையாகும் வரை அடியுங்கள். ஈயம் அப்பளமாக நசுங்கும்போது பூச்சும் கூடவே விரிந்து ஒட்டிக்கொண்டிருந்தால் வெற்றி. ஓரத்தில் லேசான வெடிப்பு வந்தால்கூடப் பரவாயில்லை. செதில் செதிலாகக் கழன்று ஈயம் பளிச்சென்று தெரிந்தால் க்யூரிங் போதவில்லை, அல்லது சுத்தம் போதவில்லை.

இரண்டில் எது என்று அறிய அசிட்டோன் சோதனை. வெள்ளைத் துணியை அசிட்டோனில் நனைத்து, பூச்சின் மேல் முன்னும் பின்னுமாக இருபது முப்பது தடவை தேய்க்க வேண்டும். முழுதாக க்யூர் ஆகியிருந்தால் பளபளப்பு கொஞ்சம் மங்கலாம், துணியில் மெல்லிய நிறச் சாயல் வரலாம். பூச்சு பிசுபிசுத்து இளகி ஈயம் வரை கரைந்தால் க்யூரிங்தான் குறை. அப்போது கவலை வேண்டாம், மிச்சமுள்ள ஜிக்குகளை மறுபடி ஓவனில் வைத்து முழு நேரமும் கொடுத்தால் சரியாகிவிடும். அசிட்டோனுக்கு அசையாமல் நின்றும் சுத்தியலுக்குக் கழன்று வந்தால் அடியில் எண்ணெய் இருந்திருக்கிறது. அதற்குச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை.

மூக்கில் சொட்டு நின்றால் முக்கும்போது சூடு அதிகம், அல்லது உள்ளே நேரம் அதிகம். ஊசித்துளைகள் தெரிந்தால் தடிப்பு, இல்லை வார்ப்புக்குள் ஈரம். மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தால் பவுடர் பழசு, அல்லது மிக மெதுவாகச் சூடேறியிருக்கிறது.

எங்கே ஈயம் போடக்கூடாது

பவுடர் போட்டுவிட்டதால் ஈயம் தண்ணீரில் கிடந்தாலும் தீங்கில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையில்லை. வாத்து, அன்னம் போன்ற பறவைகள் இரையை அரைக்க அடித்தரையில் கிடக்கும் சின்னக் கல்லை விழுங்கும். கல்லோடு கல்லாகச் சின்ன ஈயக்குண்டையும் விழுங்கிவிடும். அதன் இரைப்பையில் கல்லோடு அரைபடும்போது எந்தப் பூச்சும் நிற்காது, ஒரே ஒரு குண்டு போதும் பறவையைக் கொல்ல. இங்கிலாந்தில் அன்னங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த பிறகுதான் 1987இல் 28 கிராம் வரையான ஈயக்குண்டுகளைத் தடை செய்தார்கள். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 1997இலிருந்து 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டும் ஈய ஜிக்கும் கூடாது.

நம் ஊரில் பழவேற்காடு மாதிரிப் பறவைகள் கூடும் நீர்நிலைகளில் சின்ன ஈயம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அங்கே டங்ஸ்டன் போடலாம். விலை அதிகம், ஆனால் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, அதனால் ஜிக் சின்னதாக இருந்தும் சரசரவென்று இறங்கும். மேலே சொன்ன அதே முறையில் அதற்கும் பவுடர் போடலாம். பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த ஈயமில்லாத குண்டு கிடைத்தால் வாங்கலாம், ஆனால் அதை ஓவனில் வைத்துவிடாதீர்கள். அந்தக் கலவை 138 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். அதற்குச் சாதாரணப் பெயிண்ட்தான்.

மிச்சப் பவுடர்

காற்றுப் புகாத டப்பாவில், இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். மொட்டை மாடி ஷெட்டில் சித்திரை வெயிலில் வைத்தால் பவுடர் கட்டிகட்டியாக ஆகிவிடும். விரலால் நசுக்கினால் உதிரும் கட்டி என்றால் தேநீர் வடிகட்டியில் சலித்து உபயோகிக்கலாம், அந்த வடிகட்டியும் இனி ஓவனைப் போலத் தனிச் சாமான்தான். நசுங்காத கட்டி என்றால் வேலைக்கு ஆகாது. ஈயத்தை முக்கியெடுத்த டப்பாவில் மிஞ்சிய தூளை மறுபடி பெரிய டப்பாவில் கொட்டாமல் தனியாக வைத்து அடுத்த முறை முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். வீணான பவுடரைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். ஒரு பழைய தகர மூடியில் மெல்லியதாகப் பரப்பி, அடுத்த க்யூரிங்கின்போது ஓவனின் அடித்தட்டில் வைத்தால் இறுகிய பில்லையாகிவிடும். அந்தப் பில்லை, துடைத்த துணி, கையுறை எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, வீட்டு அபாயக் கழிவு என்று எழுதிக் குப்பை எடுப்பவரிடம் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.